ரப்பர் பேண்டுக்குள் எத்தனை முடிச்சு?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, சிற்றாறு, மணலோடை பக்கம் உள்ள அரசு ரப்பர் கழகத் தோட்டங்களிலும், குலசேகரம், திருவட்டாறு, அருமனை சுற்றுவட்டாரச் சிறு தோட்டங்களிலும் விடியும் முன்பே பால்வடிப்பு தொடங்கிவிடும். அந்தத் தோட்டங்களைச் சுற்றி வளரும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இப்போது ஆர்டுயினோ என்ற நிரல் எழுதி இயக்கும் சிறு மின்பலகை இருக்கிறது, சென்சார் இருக்கிறது. நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அந்தக் கருவிகளை வைத்துப் பெரும்பாலும் செய்வது எல்இடி மினுக்குவதும், கோட்டைப் பார்த்து ஓடும் வண்டியும்தான். அவை தொடக்கத்துக்கு நல்லவை. ஆனால் அளக்கும் கருவி கையில் வந்தபின் எதையாவது அளக்க வேண்டும், அந்த அளவு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம் மாவட்டத்துக்கு அப்படி ஒரு கேள்வி வீட்டு வாசலிலேயே கிடக்கிறது: இழுத்த ரப்பர் ஏன் திரும்பி வருகிறது?

கருவி எதுவும் எடுக்கும் முன் உதட்டில் தொடங்குங்கள். அகலமான, சுத்தமான ரப்பர் பேண்டை மேலுதட்டில் ஒட்டியபடி சட்டென்று நான்கு மடங்கு இழுங்கள். சூடு தெரியும். இழுத்த நிலையிலேயே அரை நிமிடம் காற்றில் பிடித்திருந்து, மறுபடி உதட்டில் வைத்துச் சட்டென்று தளர்த்துங்கள். குளிரும். இதை 1805-இல் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் ஜான் காஃப். சின்ன வயதில் பெரியம்மையில் பார்வை போனவர் அவர். 1859-இல் ஜூல் இதைத் துல்லியமாக அளந்து உறுதி செய்தார். சூடாக்கினால் இரும்புக் கம்பி நீளும். எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரோ சூடாக்கினால் சுருங்கும்.

இதற்கான விளக்கம் நாணயம் சுண்டுவதில் இருக்கிறது. ரப்பர் மூலக்கூறு என்பது ஐசோபிரீன் என்ற சிறு அலகு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் ஏறக்குறைய தன் விருப்பத்துக்குத் திரும்பும். பூ விழுந்தால் வலப்பக்கம் ஓரடி, தலை விழுந்தால் இடப்பக்கம் ஓரடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முறை சுண்டினால் மொத்தம் 1,024 வழிகள். நேராக வலப்பக்கமே போய்ச் சேர ஒரே ஒரு வழி. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர 252 வழிகள். சங்கிலியை இழுத்து நீட்டுவது என்றால் அந்த 252-இலிருந்து 1-ஐ நோக்கித் தள்ளுவது. கையை விட்டதும் அது சுருள்வதற்குக் காரணம், சுருண்டிருக்க வழிகள் அதிகம் என்பதே. இப்படி எத்தனை வழிகள் உண்டு என்பதன் அளவே என்ட்ரோபி. பாடப்புத்தகத்தில் வாசித்துவிட்டுப் போகும் அந்தச் சொல்லை விரலால் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் செய்யும்போது, 40 மாணவர்கள் ஆளுக்கு 100 முறை சுண்டி, எத்தனை அடி தள்ளி வந்தார்கள் என்று எழுதட்டும். நேரடியாகச் சராசரி எடுத்தால் வலமும் இடமும் அடிபட்டுப் பூச்சியத்தை ஒட்டி வரும். பலரும் தடுமாறுவது இங்கேதான். ஒவ்வொரு தூரத்தையும் வர்க்கப்படுத்தி, பிறகு சராசரி எடுக்க வேண்டும். அது 100-ஐ ஒட்டி வரும், அதன் வர்க்கமூலம் 10. நூறு அடி நடந்தவர் புறப்பட்ட இடத்திலிருந்து பத்தடி தூரத்தில்தான் நிற்கிறார். சரியாக 100 வராததைப் பார்த்துத் தவறு செய்துவிட்டோம் என்று பிள்ளைகள் எண்ணக் கூடாது. 40 பேர் செய்யும்போது இந்தச் சராசரியில் இயல்பான ஊசலாட்டமே 22 அளவுக்கு உண்டு. மூன்றில் இரண்டு வகுப்புகளில் 78-க்கும் 122-க்கும் இடையில் வரும். எல்லோருக்கும் 100 என்று வந்தால்தான் யாரோ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். சமவாய்ப்பு நடை என்ற இந்தக் கணக்கை அந்தப் பெயரோடு 1905-இல் கேள்வியாகக் கேட்டவர் கார்ல் பியர்சன்.

இங்கே கவனமுள்ள மாணவர் ஒரு மறுப்பு சொல்வார்: நடக்கிறவர் வந்த இடத்துக்கே மறுபடி வரலாம், மூலக்கூறு எப்படித் தன் மேலேயே வந்து உட்காரும்? மறுப்பு நியாயமானது. அதிலிருந்து தொடங்குகிறது இன்னும் முடியாத ஒரு கணித ஆராய்ச்சி. கோலப் புள்ளிகளை வரிசையாக வையுங்கள். நடுப்புள்ளியில் புறப்பட்டு மேல், கீழ், இடம், வலம் என்று பக்கத்துப் புள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும். ஒருமுறை தொட்ட புள்ளியை மறுபடி தொடக் கூடாது. ஓரடிக்கு 4 வழி. இரண்டடிக்கு 12, மூன்றடிக்கு 36. ஒவ்வொரு அடியிலும் மூன்றால் பெருக்கினால் போதும் என்று தோன்றும். நான்காம் அடியில் 108 வர வேண்டும், வருவது 100. மூன்றடி வைத்துச் சதுரத்தின் மூன்று பக்கத்தையும் வரைந்தவர் நான்காவது அடியில் புறப்பட்ட புள்ளிக்கே வந்துவிடுவார். அப்படி மூடும் வழிகள் எட்டு: நடுப்புள்ளியைச் சுற்றி நான்கு சதுரம், ஒவ்வொன்றையும் சுற்ற இரண்டு திசை. இந்த எட்டை ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும் வரை ஆசிரியர் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. அடுத்து 284, 780, 2,172 என்று போய், பத்தடிக்கு 44,100. இதைக் கையால் எண்ண முடியாது. பைத்தானில் தன்னையே அழைக்கும் சிறு நிரல் பத்து வரிக்குள் எழுதினால் கண் சிமிட்டும் நேரத்தில் எண்ணிவிடும்; இருபதடி தாண்டினால் அதுவும் திணறும், ஏன் என்பதும் நல்ல பாடம்.

அடுத்தடுத்த எண்களின் விகிதம் சற்றே ஏறி இறங்கியபடி மெல்லக் குறைந்து 2.638 என்ற எண்ணை நெருங்குகிறது. அந்த எண்ணுக்குச் சரியான சூத்திரம் இதுவரை யாருக்கும் தெரியாது. சதுரப் புள்ளிக்குப் பதிலாகத் தேன்கூட்டு அறுகோணப் புள்ளி வைத்தால் மட்டும் தெரியும்: 2-உடன் 2-இன் வர்க்கமூலத்தைக் கூட்டி, அந்தக் கூட்டலின் வர்க்கமூலம், அதாவது 1.848. இயற்பியல் வழியில் நியன்ஹுயிஸ் 1982-இல் சொன்னதை, ஸ்மிர்னோவும் டுமினில்-கோபனும் 2010-இல் நிரூபித்தார்கள். ஸ்மிர்னோவுக்கு 2010-இலும் டுமினில்-கோபனுக்கு 2022-இலும் கணிதத்தின் உயரிய பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கேள்வி புரிகிறது, விடை உலகத்தில் யாரிடமும் இல்லை. கணிதத்தில் ஆராய்ச்சி என்றால் என்ன என்று கேட்கிற மாணவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் புள்ளிகளைத்தான்.

அப்படியானால் ரப்பருக்கு எந்த நடை பொருந்தும்? திரவத்தில் தனியாக மிதக்கும் சங்கிலி தன்னைத் தவிர்த்து, கொஞ்சம் விரிந்து கிடக்கும். ஆனால் ரப்பருக்குள் ஒரு சங்கிலியைச் சுற்றி எல்லாப் பக்கமும் வேறு சங்கிலிகள். வெளிப்பக்கம் விரிந்தாலும் முட்டத்தான் போகிறது, அதனால் விரிவதில் ஆதாயம் இல்லை. எனவே அடர்ந்த ரப்பரில் பழைய நாணய நடையே சரியாக வரும் என்று சொன்னவர் ஃபுளோரி. 1970-களில் நியூட்ரான் சிதறல் சோதனைகள் அதை உறுதிப்படுத்தின. 1974-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

இனி அளவுக்கு வருவோம். கந்தகத்தோடு சூடாக்கும்போது சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே முடிச்சு விழுகிறது. 1839-இல் குட்இயர் கண்ட வல்கனைசிங் இதுதான். முடிச்சுக்கு முடிச்சு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும் தனித்தனியே இழுக்கிறது. நீட்டிய நீளத்தை இயல்பு நீளத்தால் வகுத்தால் வருவதை 'நீ' என்றும், இழுக்கும் முன் இருந்த குறுக்குப் பரப்பை 'ப' என்றும் வையுங்கள். அப்போது

விசை = க × ப × (நீ − 1/நீ²)

இழுக்காதபோது நீ = 1, அடைப்புக்குள் பூச்சியம், விசையும் இல்லை. 1/நீ² என்ற பகுதி, ரப்பர் நீளும்போது கனஅளவு மாறாமல் பக்கவாட்டில் மெலிவதால் வருகிறது. 'க' என்ற விறைப்பு எண்தான் நமக்கு வேண்டியது. ஒரு கனமீட்டரில் உள்ள துண்டுகளின் எண்ணிக்கையை போல்ட்ஸ்மன் மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கினால் அது வரும்.

தேவையானவை: 1 கிலோ லோடு செல் (எடைக்கேற்ப வளைந்து மின்சமிக்ஞை தரும் உலோகத் துண்டு), அந்தச் சமிக்ஞையை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 மாட்யூல், ஆர்டுயினோ யூனோ, ஒரு பலகை, சைக்கிள் ஸ்போக்கில் வளைத்த இரண்டு கொக்கி, மர அளவுகோல், மளிகைக் கடையில் இருக்கும் முத்திரையிட்ட 100, 200, 500 கிராம் எடைக்கற்கள். லோடு செல்லின் ஒரு முனையைப் பலகையில் முறுக்கும்போது இடையில் இரண்டு வாஷர் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் செல் முழுவதும் பலகையில் படிந்து வளையவே வளையாது, எண்ணும் நகராது. செல்லின் கம்பிகள் மாட்யூலில் சேர வேண்டிய இடம் பெரும்பாலும் சிவப்பு ஈ+, கறுப்பு ஈ−, பச்சை ஏ+, வெள்ளை ஏ−. எடை ஏற ஏற எண் குறைந்தால் பச்சையையும் வெள்ளையையும் மாற்றுங்கள்.

எண் காரணமில்லாமல் துள்ளினால் பத்தில் எட்டு முறை குற்றம் ஒரே இடத்தில்: மாட்யூலோடு வரும் பின்களைப் பற்றவைக்காமல் துளையில் செருகி மட்டும் விட்டிருப்பார்கள். ஈயம் வைத்தே ஆக வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரப் பள்ளிகளில் உப்புக் காற்றில் ஜம்பர் கம்பியின் முனையும் பிரெட்போர்டின் உள்தகடும் கறுத்துவிடும். அங்கே முழு இணைப்பையும் பற்றவைப்பதே நல்லது. மின்சாரம் கொடுத்ததும் அளக்கத் தொடங்காமல் கால்மணி நேரம் விட்டால் பூச்சியம் நகர்வது நிற்கும். மாட்யூல் 24 பிட் என்பதை நம்பிக் கடைசி இலக்கம் வரை எழுத வேண்டாம். நொடிக்கு பத்து என்ற வேகத்தில் 20 அளவுகளின் சராசரி எடுத்தால் போதும், ஏறத்தாழ கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை நம்பலாம்.

பேண்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் சுண்ணாம்புத்தூள் மாதிரி ஏதோ நிறைய கலந்திருக்கிறது, நம் சூத்திரத்துக்கு ஆகாது, மிதப்பதை எடுங்கள். பரப்பை வெர்னியரால் அளக்கப் போனால் ரப்பர் அமுங்கி ஏமாற்றும். அதற்குப் பதில் எடை போடலாம். பத்துப் பேண்டுகளை வெட்டி நீட்டினால் ஒவ்வொன்றும் 12 செ.மீ., பத்தும் சேர்ந்து 2.28 கிராம் என்றால், ஒன்றுக்கு 0.228 கிராம். அடர்த்தி 0.95 என்று கொண்டால் கனஅளவு 0.24 கன செ.மீ., குறுக்குப் பரப்பு 2 சதுர மி.மீ. வளையமாக மாட்டும்போது இரண்டு இழை, ஆகவே ப = 4 சதுர மி.மீ.

நீளத்தைக் கொக்கியிலிருந்து கொக்கிக்கு அளக்காதீர்கள், வளைவில் ரப்பர் வழுக்கும். ஓர் இழையில் பால்பாயின்ட் பேனாவால் 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, அளவுகோலை ஒட்டி வைத்து, கோட்டின் நேர் உயரத்தில் போனைப் பிடித்துப் படம் எடுத்துப் பிறகு வாசியுங்கள். அளக்கும் முன் பேண்டை நான்கு மடங்குக்கு ஐந்தாறு முறை இழுத்துவிட வேண்டும். முதல் இழுப்பில் ரப்பர் விறைப்பாக இருந்து அடுத்தடுத்த இழுப்பில் இளகும். முல்லின்ஸ் விளைவு என்பார்கள். இதைச் செய்யாதவர்களுக்கு முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு நீளத்திலும் ஒரே அளவு நேரம், 60 நொடி என்று வைத்துக்கொள்ளலாம், காத்திருந்து விசையைக் குறியுங்கள். பிடித்து வைத்திருக்க வைத்திருக்க விசை மெல்லத் தளர்ந்துகொண்டே போகும்.

இரண்டு மடங்கு நீட்டத்தில் 285 கிராம் காட்டுகிறது என்று வைப்போம். அது 2.8 நியூட்டன். அடைப்புக்குள் 2 − 1/4 = 1.75. 2.8-ஐ 4-ஆலும் 1.75-ஆலும் வகுத்தால் க = 0.4 மெகாபாஸ்கல். நம் ஊர் அறை வெப்பம் 30 டிகிரி, அதாவது 303 கெல்வின். அடர்த்தி 950 (கனமீட்டருக்கு கிலோவில்), வாயு மாறிலி 8.314, வெப்பநிலை 303 மூன்றையும் பெருக்கி 'க'-வால் வகுத்தால், முடிச்சுக்கு முடிச்சு உள்ள துண்டின் மோல் நிறை ஏறத்தாழ 6,000 கிராம். ஓர் ஐசோபிரீன் அலகு 68. ஆக, இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே சுமார் 88 அலகுகள். நுண்ணோக்கியிலும் தெரியாத ஒன்றை எடைக்கல்லும் அளவுகோலும் வைத்து எண்ணியாயிற்று.

சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சங்கிலி உண்மையில் ஒவ்வோர் அலகிலும் சுதந்திரமாகத் திரும்புவதில்லை, ஏறத்தாழ 1.66 அலகு சேர்ந்ததுதான் ஓரடி. 88 அலகு என்றால் 53 அடி போல வரும். நாணய நடைப்படி சுருண்ட நீளம் 53-இன் வர்க்கமூலம், முழுக்க நீட்டினால் 53. இரண்டின் விகிதம் 7.3. அந்தப் பேண்டு ஏழு மடங்கை நெருங்கும்போது கல்லாக இறுகி அறுந்தால் கணக்கு கைகூடியிருக்கிறது. (அறுக்கும்போது கண்ணாடி அணிய வேண்டும்.)

ஒரே ஒரு நீளத்தோடு நிறுத்தாமல் 1.2 முதல் 4 வரை பத்து இடத்தில் 'க' கண்டுபிடித்தால் அது மாறாமல் இருக்காது. மூன்று மடங்கு வரை மெல்லக் குறையும், நான்கைத் தாண்டியும் இழுத்தால் ஏறும். அளவில் தப்பு இல்லை. தொடக்கத்தில் குறைவதற்கு, முடிச்சில்லாமலே சங்கிலிகள் ஒன்றில் ஒன்று சிக்கிக் கிடப்பதும் ஒரு காரணம். மூனி 1940-இலும் ரிவ்லின் 1948-இலும் அதற்கு இன்னோர் உறுப்பைச் சேர்த்தார்கள். நான்குக்கு மேல், சங்கிலிகள் இணையாக அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன. 1925-இல் காட்ஸ் எக்ஸ்-கதிரில் பார்த்தது அது. இயற்கை ரப்பர் எளிதில் கிழியாததற்கும், கனரக லாரி டயருக்கும் விமான டயருக்கும் இன்றும் அது தேவைப்படுவதற்கும் இந்தப் படிகம் பெரிய காரணம்.

வெப்பச் சோதனைக்கு, பலகையிலிருந்து கீழே இறங்கும் உறுதியான இரும்புக் கம்பியின் அடியில் ஒரு கொக்கி. பேண்டு அதிலிருந்து மேலே லோடு செல்லுக்கு. இப்போது தூக்குவாளியில் வெந்நீரைக் கீழிருந்து உயர்த்தி பேண்டு மூழ்கும்படி வைக்கலாம், நீளம் மாறாது. வெந்நீரைப் பெரியவர்கள்தான் ஊற்ற வேண்டும். டிஎஸ்18பி20 வெப்ப உணரிக்கு 4.7 கிலோஓம் மின்தடை போட மறக்காதீர்கள். அது 85 என்று காட்டினால் இன்னும் அளக்கத் தொடங்கவில்லை, −127 என்றால் கம்பி விட்டுப்போயிருக்கிறது; இரண்டையும் வெப்பநிலை என்று எண்ணி வரைபடத்தில் போட்டுவிடுவார்கள்.

பலரும் குளிர்ந்த நீரில் தொடங்கிச் சூடாக்கிக்கொண்டே போவார்கள். அப்போது விசை ஏறவும் செய்யும், சூட்டில் ரப்பர் தளர்வதால் இறங்கவும் செய்யும், இரண்டும் கலந்து ஒன்றும் புரியாது. முதலில் 70 டிகிரியில் அரைமணி நேரம் இழுத்த நிலையில் வைத்து, தளர வேண்டியதெல்லாம் தளர்ந்தபின், ஆறும்போது இரண்டு டிகிரிக்கு ஒரு முறை அளக்க வேண்டும். ஆவி செல்லில் பட்டால் அளவு நகரும், நடுவே துளையிட்ட தெர்மாகோல் மூடி வையுங்கள். பேண்டுக்குப் பதில் இரும்புச் சுருள்வில் ஒன்றை மாட்டி இதையே ஒருமுறை செய்து பார்ப்பதும் அவசியம். அதில் எண் ஏறினால் ஏறுவது ரப்பரின் விசை அல்ல, செல்லின் சூடு.

30-க்கும் 60-க்கும் இடையில் கெல்வின் கணக்குப்படி விசை பத்து சதவீதம் மாற வேண்டும், 285 கிராமுக்கு 28. கையில் வருவது 22-ஐ ஒட்டி இருக்கும். ரப்பரின் விசையில் ஆறில் ஒன்று முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை என்ட்ரோபியால் வருவதில்லை, பிணைப்புகள் திரும்பும்போது மாறும் ஆற்றலால் வருகிறது. ரப்பர் சூட்டில் விரிவதும் கொஞ்சம் குறைக்கும். அந்த ஆறு கிராமை 28-க்கு இழுத்துத் திருத்தி எழுதச் சொல்லாதீர்கள். அந்த ஆறு கிராமில்தான் இயற்பியல் இருக்கிறது.

கடைசியாக, புகைபோட்ட ஷீட்டிலிருந்து 5 மி.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டி அதையும் இழுத்துப் பாருங்கள். பாலை ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் போட்டு, புகைக்கூட்டில் காய்ந்தது. கந்தகம் சேரவில்லை, முடிச்சு இல்லை. 200 கிராம் கட்டித் தொங்கவிட்டு மணிக்கொரு முறை நீளத்தைக் குறித்தால் நீண்டுகொண்டே போவதும், எடையை எடுத்தபின் முழுவதும் திரும்பாததும் தெரியும். அதே ஷீட்டில் இன்னொரு துண்டை ஃபிரீசரில் சில நாள் வையுங்கள். விறைத்து, வெளுத்து, வளைக்க முடியாத பலகை ஆகிவிடும்: இழுக்காமலே படிகமாகிவிட்டது. இந்தப் படிகம் மிக வேகமாக வளர்வது −25 டிகிரியை ஒட்டி. வீட்டு ஃபிரீசர் −18, அதனால் அங்கே கொஞ்சம் மெதுவாகவே நடக்கும். வெளியே எடுத்து நம் ஊர் வெயிலில் வைத்தால் பழையபடி இளகும். ரப்பர் பேண்டையும் கூடவே ஃபிரீசரில் வைத்திருந்தால், அது விறைக்க எவ்வளவு தாமதிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிச்சுகள் அடுக்க விடாமல் தடுக்கின்றன.